வடசென்னைப் பாடகரின் பெயரில் ஓர் இணையதளம்

ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கடலோரப் பகுதி, துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் பெயர் பெற்றிருக்கும் அளவுக்குத் தன் இசைக்காகவும் அறியப்பட வேண்டிய பகுதியாகும். கானா பாடகர்கள், பறையிசைக் குழுவினர், திருமணத்துக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் வாசிக்கும் பேண்டு செட்டுக் கலைஞர்கள், ஆடித் திருவிழா மேடைகளில் பாடும் மெல்லிசைக் குழுக்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், கோயில் நாகசுரக்காரர்கள் எனப் பல மரபுகளைச் சேர்ந்தவர்கள் இங்கே அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் இன்று யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏதோ ஒரு வடிவில் காணக் கிடைக்கிறார்கள் என்றாலும், தம் பெயரில், தம் பொறுப்பில் ஓர் இணையதளம் வைத்திருப்பவர்கள் அரிதாகவே இருக்கிறார்கள். அப்படி ஒரு தளம் வேண்டும் என்று ஒரு கலைஞர் முடிவெடுக்கும்போது, அதைத் தாமே உருவாக்குவதா, பணம் கொடுத்து ஒரு தொழில்முறை வடிவமைப்பாளரிடம் ஒப்படைப்பதா என்ற கேள்வி உடனே எழுகிறது.

கானா என்பது வடசென்னையின் உழைக்கும் மக்களிடையே, குறிப்பாகத் தலித் குடியிருப்புகளில், வாய்வழியாக வளர்ந்த பாட்டு மரபாகும். இறந்தவர் வீட்டு வாசலில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்காகப் பாடப்படும் மரண கானா அதன் முக்கியமான வேர். டோலக், சட்டி, டேப், புல்புல்தாரா ஆகியவற்றோடு, எழுதிவைத்த தாள் இல்லாமல், அந்த இடத்திலேயே சொற்களைக் கட்டிப் பாடுவது அதன் இயல்பு. 1990களில் இசையமைப்பாளர் தேவா திரைப்படங்களுக்குள் கொண்டுவந்த இந்தப் பாட்டு, 2012இல் வெளிவந்த ‘அட்டகத்தி’யில் கானா பாலாவின் குரல் வழியாக மீண்டும் தமிழகமெங்கும் பரவியது. 2018 ஜனவரியில், இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு தன் முதல் கச்சேரியை நடத்தியபோது கானா தனக்கான மேடையைத் தானே அமைத்துக்கொண்டது. அந்தக் குழுவில் பாடிய ராயபுரத்தின் இசைவாணி, 2020ஆம் ஆண்டு பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

இவ்வளவு கவனம் கிடைத்த பிறகும், வெளியூர் விழா அமைப்பாளர் ஒருவர் வடசென்னைப் பாடகர் ஒருவரின் பெயரைத் தேடுபொறியில் இட்டால், பிறர் நடத்தும் சேனல்களில் உள்ள காணொளிகளும், பத்திரிகைச் செய்திகளும், பெயர் குறிப்பிடாத மறுபதிவுகளுமே முதலில் வந்து நிற்கின்றன. அந்தக் கலைஞர் என்ன பாடுகிறார், எந்தப் பாட்டை எழுதினார், அவரோடு வாசிப்பவர்கள் யார், அவரை எப்படி அழைப்பது என்பவற்றை அவரே சொல்லும் இடம் ஒன்று கண்ணில் படுவதில்லை. இணையதளம் என்பதன் முதன்மைப் பயன் அந்த இடத்தை உண்டாக்குவதுதான். அலங்காரமும் அசையும் படங்களும் அதற்குப் பிறகு வருபவை.

தன் படைப்பைத் தானே பதிவு செய்து வெளியிடும் வழக்கம் இந்தப் பகுதிக்குப் புதியது இல்லை. தியாகராஜ சுவாமிகளின் சீடர்களில் ஒருவரான வீணை குப்பையரின் மகன் திருவொற்றியூர் தியாகையர், தம் தந்தையின் உருப்படிகளையும் தம்முடையவற்றையும் சுரக்குறிப்புகளோடு தொகுத்து, ‘பல்லவி ஸ்வர கல்பவல்லி’ என்ற நூலாக 1900இல் அச்சில் கொண்டுவந்தார். எழுத்துக் கோப்பதும் மை இடுவதும் அச்சகத் தொழிலாளியின் வேலையாக இருந்த அந்தக் காலத்தில், எந்த உருப்படியைச் சேர்ப்பது, யார் இயற்றியது என்று குறிப்பது, எந்தச் சுர அமைப்பைச் சரியானதாகக் கொள்வது என்பவை இசைக் கலைஞரின் தீர்மானங்களாக இருந்தன. ஏறத்தாழ அதே காலத்தில், சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மலிவான தாளில் அச்சிட்ட சிறு பாட்டுப் புத்தகங்கள் சில காசுக்கு விற்கப்பட்டன. விபத்து, கொலை, பஞ்சம், வெள்ளம் என அன்றாடச் செய்திகளைப் பாட்டாக்கிய அந்த வெளியீடுகளைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். குஜிலிப் பாட்டுக்கும் தியாகையரின் நூலுக்கும் இடையே சமூக அளவில் பெரும் இடைவெளி இருந்தபோதிலும், பாடியவரின் பெயரும் கட்டியவரின் பெயரும் தாளில் பதிந்ததால்தான் அவர்களுள் சிலரையாவது இன்று அடையாளம் காண முடிகிறது என்பது இரண்டுக்கும் பொதுவான உண்மை.

கானாவுக்கு அந்த அச்சு வாய்ப்பு பெரும்பாலும் கிட்டவில்லை. ஒலிநாடா வந்த காலத்தில் கச்சேரிகள் கேசட்டுகளாகி, ஒன்றிலிருந்து ஒன்றாக நகலெடுக்கப்பட்டுப் பரவின. நகல் பெருகப் பெருகப் பாடியவரின் பெயர் உறையிலிருந்து மறைந்தது. 2016இல் செல்பேசி இணையக் கட்டணம் சரிந்த பிறகு யூடியூப் சேனல்கள் அந்தக் கேசட்டுகளின் இடத்துக்கு வந்தன. கேமரா வைத்திருப்பவர் பாடகரை அழைத்து, ஒரு மொட்டை மாடியிலோ ஸ்டூடியோவிலோ பாடவைத்துப் பதிவேற்றுவார். பாடகருக்குப் புகழும், சில வேளைகளில் ஒருமுறைத் தொகையும் கிடைக்கும். விளம்பர வருவாயோ சேனல் யாருடைய கணக்கோ அவருக்கே போகும். அந்தச் சேனலை நடத்துபவர் தீய எண்ணம் கொண்டவர் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. கேமராவும் ஒளிப்பதிவுத் திறனும் அவருடைய முதலீடு. கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரையே நிறுவனம் உரிமையாளராகக் கருதும் என்பது அந்த ஏற்பாட்டின் இயல்பு.

இத்தகைய ஏற்பாடுகள் எவ்வளவு விரைவில் கலையக்கூடும் என்பதை 2020 ஜூன் 29 காட்டியது. அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. பாட்டிலும் ஆட்டத்திலும் திறமை இருந்தும் மேடை கிடைக்காத இளைஞர்கள் பலர் அந்தச் செயலியின் மூலம் பின்தொடர்வோரைச் சேர்த்து வைத்திருந்தனர். தடை வந்ததும் காணொளிகளோடு அந்தத் தொடர்பும் அறுந்தது. தடைக்கான காரணங்கள் சரியா தவறா என்ற விவாதம் தனி. கலைஞரின் பார்வையில் விளைவு ஒன்றுதான்: தம்மைத் தேடி வந்தவர்களின் முகவரி எதுவும் அவர் கையில் இல்லை. உலக அளவில் இதைவிடப் பெரிய இழப்பு 2019 மார்ச்சில் வெளிப்பட்டது. ஒரு காலத்தில் இசைக் குழுக்களின் முதன்மை முகவரியாக இருந்த மைஸ்பேஸ், சர்வர்களை இடம் மாற்றும்போது 2003 முதல் 2015 வரை பதிவேற்றப்பட்ட இசைக் கோப்புகள் அழிந்துவிட்டன என்று ஒப்புக்கொண்டது. அழிந்தவை ஏறத்தாழ 5 கோடிப் பாடல்கள் என்று அப்போது செய்திகள் கணக்கிட்டன. தம் பாட்டின் ஒரே பிரதியை அங்கே வைத்திருந்தவர்களுக்கு அதை மீட்க வழி இல்லாமல் போனது.

ஆகவே தனித் தளம் வேண்டுமா என்ற கேள்விக்கு வேண்டும் என்பதே விடை. அதை யார் செய்வது என்று முடிவெடுக்கும் முன், தளம் என்பது எவற்றால் ஆனது என்று கலைஞர் தெரிந்துகொள்வது அவசியம். முதலாவது தளப்பெயர்; டொமைன் என்று வழங்கும் இது, உலாவியில் தட்டச்சு செய்யும் முகவரி. டாட் காம், டாட் இன் போன்ற முடிவுகளோடு மட்டுமன்றி, டாட் இந்தியா என்று முடியும் தமிழ் எழுத்து முகவரியாகவும் அதைப் பதிவு செய்ய முடியும். பெயரை எவரும் நிரந்தரமாக வாங்க முடியாது; பதிவு நிறுவனம் ஒன்றின் வழியாக ஆண்டுக் கட்டணம் செலுத்தி வைத்திருக்கலாம், அந்தக் கட்டணம் வழக்கமான பெயர்களுக்கு ஏறத்தாழ 1000 ரூபாய் அளவில் இருக்கும். இரண்டாவது, தளத்தின் கோப்புகள் தங்கியிருக்கும் சர்வர் இடம். ஹோஸ்டிங் எனப்படும் இதற்கும் மாதாந்திரமாகவோ ஆண்டுதோறுமோ வாடகை உண்டு, இலவசமாகத் தரும் சேவைகளும் உண்டு. மூன்றாவது, அந்த இடத்தில் வைக்கப்படும் எழுத்து, படம், ஒலி, அவற்றை ஒழுங்குபடுத்தும் மென்பொருள். இந்த மூன்றும் வெவ்வேறு நிறுவனங்களிடம் இருக்கலாம். ஒன்றை மாற்றினாலும் மற்றவை தொடரலாம்.

இவற்றுள் தளப்பெயருக்குத்தான் உண்மையான மதிப்பு இருக்கிறது. 2023இல் கூகுள் தன் தளப்பெயர்ப் பதிவுத் தொழிலை ஸ்கொயர்ஸ்பேஸ் நிறுவனத்துக்கு விற்றபோது ஏறத்தாழ ஒரு கோடிப் பெயர்கள் கைமாறின என்றாலும், பதிவு செய்தவர்களின் உரிமை அப்படியே தொடர்ந்தது. சமூக ஊடகம் ஒன்று மூடப்படும்போது கணக்கு வைத்திருப்பவருக்கு அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை. புறம்போக்கு என்று குறிக்கப்பட்ட நிலத்தில் தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லாத காரணத்தால் அலைந்த குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம் என்பதால், வீட்டை யார் கட்டினார்கள் என்பதைவிட மனை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது பெரிது என்று இந்தப் பகுதி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

தாமே உருவாக்கும் வழி இன்று முன்னைப்போல் கடினமானது இல்லை. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் கட்டற்ற மென்பொருள், உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றை இயக்குகிறது. அதற்கு உரிமக் கட்டணம் இல்லை, தமிழ் இடைமுகமும் உண்டு. விக்ஸ், கூகுள் சைட்ஸ் போன்ற சேவைகளில் முன்பே வடிவமைத்த டெம்ப்ளேட் ஒன்றைத் தேர்ந்து, பெயரையும் படத்தையும் மாற்றி, ஒரு மாலைக்குள் ஒற்றைப் பக்கத்தை எழுப்பிவிடலாம். யூடியூபில் ஏற்கெனவே உள்ள காணொளியைத் தளத்திலேயே ஓடும்படி பொருத்த முடியும் என்பதால் பெரிய கோப்புகளைச் சுமக்க வேண்டிய தேவையும் இல்லை. கச்சேரிக்கு முன்பணம் பெறுவதற்கு விலையுயர்ந்த கட்டண வசதி தேவைப்பட்ட காலம் போய், யுபிஐ கியூஆர் படம் ஒன்றை அனுப்பினாலே போதும் என்ற நிலை வந்துவிட்டது.

இருந்தாலும் இந்த வழியின் குறைகளை மறைத்துப் பேசுவது கலைஞர்களுக்குச் செய்யும் தீங்காகும். பகலில் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவரோ ஆட்டோ ஓட்டுபவரோ இரவில் கச்சேரிக்குப் போய்வந்து எஞ்சிய நேரத்தில் கணினித் திரையோடு போராட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. பலருக்குக் கணினியே இல்லை, செல்பேசி மட்டுமே இருக்கிறது. எனவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, செல்பேசியிலிருந்தே திருத்த முடியுமா என்பதை முதல் தகுதியாகக் கொள்ள வேண்டும். டெம்ப்ளேட் சேவைகளில் கட்டிய தளத்தை வேறு சேவைக்கு அப்படியே பெயர்த்துக்கொண்டு போக இயலாது என்பதும், வேர்ட்பிரஸ் தளத்தைப் பெயர்க்க இயலும் என்றாலும் அதன் துணைநிரல்களைப் புதுப்பிக்காமல் விட்டால் விஷமிகள் உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரங்களை வைத்துவிடுவார்கள் என்பதும் கணக்கில் கொள்ளத்தக்கவை. ஒரே பக்கம் போதும் என்பவருக்கு டெம்ப்ளேட் சேவையே பாதுகாப்பானது.

தமிழ்த் தளத்துக்கு எழுத்துரு பற்றிய எச்சரிக்கையும் தேவை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் குறிமுறைகள் அறிவிக்கப்பட்ட காலத்தில், ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனிக் குறிமுறை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் பொருளற்ற குறியீடுகளாகத் தெரிந்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடு எனப்படும் ஒருங்குறியைத் தரமாக ஏற்ற பிறகும், ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைகளில் பழைய எழுத்துருக்கள் வழக்கில் இருக்கின்றன. பேனருக்கு அடித்த எழுத்தை அப்படியே படமாக்கித் தளத்தில் ஒட்டினால் மனிதக் கண்ணுக்கு அழகாகத் தெரியும். தேடுபொறிக்கு அதில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. பெயர், ஊர், பாட்டின் தலைப்பு ஆகியவை ஒருங்குறி எழுத்தாகவே இருக்க வேண்டும் என்ற இந்த ஒரு விதி, ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செய்யும் அலங்காரத்தைவிட அதிகப் பயன் தரும். பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதி, ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துவது என்று தீர்மானித்து, எல்லா இடங்களிலும் அதையே கையாள்வதும் நல்லது.

தொழில்முறை வடிவமைப்பாளரின் உழைப்புக்கு உரிய மதிப்பு கொடுக்க வேண்டும். ஐம்பது ஆண்டுப் பாடல்களைத் தொகுத்து, எழுதியவர், பாடியவர், ஆண்டு, இடம் என்று வகைப்படுத்தித் தேடும்படி ஒரு காப்பகம் அமைப்பதும், நுழைவுச்சீட்டு விற்பதும், ஒலிக்கோப்புகளை விற்பனைக்கு வைப்பதும், பார்வையற்றவர்களும் திரைவாசிப்பான் கொண்டு படிக்கும்படி பக்கங்களை ஒழுங்குபடுத்துவதும் அனுபவம் உள்ளவர்கள் செய்ய வேண்டிய பணிகள். 2007 அக்டோபரில் ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய ராக் குழு ‘இன் ரெயின்போஸ்’ தொகுப்பைத் தன் தளத்தில் வெளியிட்டு, கேட்பவர் விரும்பிய விலையைக் கொடுத்தால் போதும் என்று அறிவித்தபோது, அந்த நெரிசலைத் தாங்கும் தொழில்நுட்பத்தைக் குழுவின் பாடகர் எழுதியிருக்க மாட்டார். தம் வேலை பாடுவது என்று ஒருவர் உறுதியாக நினைப்பதில் குறை காண எதுவும் இல்லை.

பழுது நேர்வது வேறு இடத்தில். வடிவமைப்பாளர் தம் மின்னஞ்சலைக் கொண்டே தளப்பெயரைப் பதிவு செய்கிறார். ஹோஸ்டிங் கணக்கும் அவர் பெயரில் இருக்கிறது. ஓடிபி எண் அவர் செல்பேசிக்குப் போகிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார் அல்லது வெளிநாடு சென்றுவிடுகிறார். புதுப்பிக்க வேண்டிய தேதி அவருக்கு மட்டுமே தெரியும். டாட் காம் போன்ற பெயர்கள் காலாவதியான பின் சிறிது காலத்துக்கு வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கப்படும். அதற்குப் பின் 30 நாள் மீட்புக் காலத்தில் கட்டணம் பல மடங்காகும். அதுவும் கடந்தால் பெயர் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே வரும், அவ்வாறு வெளிவரும் பெயர்களுக்காகவே காத்திருக்கும் வியாபாரிகள் உண்டு. விசிட்டிங் கார்டிலும் பேனரிலும் அச்சிட்ட முகவரி அப்போது வேறொருவரின் விளம்பரப் பக்கத்தைத் திறக்கும்.

ஆகையால் வேலையை ஒப்படைக்கும் கலைஞர் சில நிபந்தனைகளில் உறுதியாக நிற்க வேண்டும். தளப்பெயர் கலைஞரின் சொந்த மின்னஞ்சலிலும் செல்பேசி எண்ணிலும் பதிவாக வேண்டும். வடிவமைப்பாளருக்கு வேலைக்கான அனுமதி தனியாகத் தரப்படலாம், வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடலாம். எல்லாக் கடவுச்சொற்களும் ஒரு தாளில் எழுதப்பட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும். தளத்தின் முழுப் பிரதி ஒரு பென்டிரைவில் கைக்கு வர வேண்டும். கச்சேரித் தேதியை மாற்றுவதும் புதிய பாட்டைச் சேர்ப்பதும் எப்படி என்பதை வடிவமைப்பாளர் செல்பேசியிலேயே செய்துகாட்டி, கலைஞர் தம் கையால் ஒருமுறை செய்து பார்த்த பிறகே கடைசித் தவணைப் பணம் தரப்பட வேண்டும். சிறு தளத்துக்கு எழுத்து ஒப்பந்தம் எதற்கு என்று தயங்குவோர் இவற்றை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி, சம்மதம் என்ற பதிலைப் பெற்றாலும் போதும். வாய்மொழியாக விடுவதைவிட அது மேல்.

தளத்தில் என்ன இடம்பெற வேண்டும் என்பதில் கூலிக்கு வருபவர் எவரும் கலைஞருக்குப் பதிலாக முடிவெடுக்க இயலாது. பாட்டின் பெயருக்குக் கீழே சொல் கட்டியவர், மெட்டு அமைத்தவர், வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர், ஆண்டு ஆகியவற்றை எழுதுவது முதல் கடமை. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலைச் சுற்றி நடந்தவை இதற்குத் தக்க சான்று. அறிவு எழுதி, தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த அந்தப் பாடல் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு விடுபட்டபோது எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, அவருக்கென்று ஒரு டிஜிட்டல் அட்டையை அந்த இதழ் வெளியிட்டது. 2022இல், பாடலில் யாருடைய பங்கு எது என்ற விளக்கங்கள் அவரவர் சமூக ஊடகப் பக்கங்களில் வெளியாயின. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாடலால் தங்களுக்கு வருமானம் ஏதும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். புகழ்பெற்றவர்களுக்கே பங்களிப்பை நிலைநாட்டுவது இவ்வளவு பாடாக இருக்கும்போது, தெருமுனைக் கச்சேரியில் சட்டி வாசிப்பவரின் பெயர் எங்கே பதிவாகும்? 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ராயல்டிப் பங்கைப் பிறருக்கு விட்டுக்கொடுக்க முடியாத உரிமையாக்கியிருக்கிறது. 1969இல் தொடங்கப்பட்ட இந்தியப் பொதுநிகழ்த்து உரிமைச் சங்கம் அந்தத் தொகையைத் திரட்டித் தன் உறுப்பினர்களுக்கு வழங்குகிறது. உரிமை கோருபவருக்கு, நாளிட்ட, பெயரிட்ட வெளியீடு ஒன்று தம் தளத்தில் இருப்பது, அதுவே முழுச் சான்றாகாது என்றாலும், கைகொடுக்கும்.

எதை ஏற்றக்கூடாது என்பதும் கலைஞரே எடுக்க வேண்டிய முடிவு. மரண கானா ஒரு குறிப்பிட்ட மனிதருக்காக, அவருடைய பெயரையும் உறவையும் வாழ்வையும் சொல்லிப் பாடப்படுகிறது. அந்த இரவில் அழுத குடும்பத்தாரின் முகங்களை, அவர்கள் சம்மதம் இல்லாமல் உலகம் பார்க்க வைப்பது மரபுக்கும் மனிதநேயத்துக்கும் ஒவ்வாது. பார்வை எண்ணிக்கையைப் பெருக்க நினைக்கும் சேனலும் கவர்ச்சியான முகப்பைத் தேடும் வடிவமைப்பாளரும் இந்த எல்லையை அறிய மாட்டார்கள், பாடியவர் அறிவார். பெண் பாடகர்கள் தம் செல்பேசி எண்ணை வெளிப்படையாக இடுவதால் நேரும் தொல்லையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அழைப்பவர் தம் பெயர், ஊர், நிகழ்ச்சித் தேதி ஆகியவற்றை நிரப்பி அனுப்பும் படிவம் ஒன்றைத் தளத்தில் வைத்தால் எண் வெளியே தெரியாது. பெரும்பாலான டெம்ப்ளேட் சேவைகளில் அந்த வசதி இருக்கிறது.

குழுக்களின் நிலை தனிப் பாடகரின் நிலையிலிருந்து வேறுபட்டது. பறையிசைக் குழுவோ பேண்டு செட்டோ பிரியும்போது, பெயர் யாருக்கு என்ற சச்சரவு தளப்பெயரிலும் தொடரும். குழுவுக்குச் சங்கப் பதிவோ வங்கிக் கணக்கோ இருந்தால், அதற்கென்று திறந்த பொது மின்னஞ்சலில் தளப்பெயரைப் பதிவு செய்து, இருவராவது கடவுச்சொல்லை வைத்திருப்பது உகந்தது. தனித்தனியாக ஆண்டுக் கட்டணம் கட்ட இயலாத கலைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே தளத்தில் ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொள்வதும் நல்ல வழி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இத்தனை கலைஞர்கள் இருக்கிறார்கள் என்பதை வெளியூரார் ஒரே பார்வையில் அறிய அது உதவும். டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பற்றிப் பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ 2017 ஜனவரியில் இணையத்தில் வெளியானபோது, கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதிய அந்தப் பாட்டு எண்ணூரை உலகின் கவனத்துக்குக் கொண்டுசென்றது. எண்ணூரிலேயே பிறந்து பாடுபவர்களின் குரலும் அதே எளிதில் கிடைக்க வேண்டும் என்று கோருவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

செலவையும் உழைப்பையும் உரிமையையும் சேர்த்துப் பார்க்கும்போது, பெரும்பாலான வடசென்னைக் கலைஞர்களுக்கு ஏற்ற வழி, முதல் பக்கத்தைத் தாமே எழுப்புவதுதான். பெயர், ஒரு நல்ல நிழற்படம், தாமே தமிழில் எழுதிய பத்து வரி, மூன்று பாடல்கள், தொடர்புப் படிவம் ஆகியவை போதும். கச்சேரிகள் பெருகி, பழைய ஒலிநாடாக்களைச் சேர்த்துக் காப்பகம் அமைக்கும் காலம் வரும்போது தொழில்முறையாளரை அழைத்து, உரிய கூலி கொடுத்து, மேலே சொன்ன நிபந்தனைகளோடு வேலை வாங்கலாம். தளத்தைத் தாமே ஒருமுறை கட்டிப் பார்த்தவர், என்ன கேட்க வேண்டும், எது வீண்செலவு என்பதை அறிந்தவராக அப்போது பேரம் பேசுவார். மூல ஒலிப்பதிவுகள் எந்த நிலையிலும் சொந்த வன்தட்டு ஒன்றிலும் இன்னொரு வீட்டில் வைத்த மறுபிரதியிலும் இருக்க வேண்டும்.

இந்த முதல் படியைத் தனியாக ஏற முடியாதவர்களுக்குக் கைகொடுக்கும் வலிமை இதே பகுதிக் கல்லூரிகளுக்கு இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி போன்றவற்றில் கணினி பயிலும் மாணவர்கள், தம் தெருவில் பாடும் ஒருவருக்கு ஒரு பக்கம் அமைத்துக் கொடுப்பதைப் படிப்பின் செயல்திட்டமாக எடுத்துக்கொள்ள ஆசிரியர்கள் வழிசெய்ய வேண்டும். 2001 முதல் இயங்கிவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம், தமிழ் நூல்களையும் கலைப் பதிவுகளையும் எண்மப்படுத்துவதைப் போலவே, வடசென்னையின் பழைய கானா கேசட்டுகளையும் பாடியவர்களின் ஒப்புதலோடு சேகரிக்க முன்வர வேண்டும். கலைஞர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை: இந்த மாத வருமானத்திலிருந்து ஏறத்தாழ 1000 ரூபாயை ஒதுக்கி, தம் பெயரைத் தம் மின்னஞ்சலில், தம் செல்பேசி எண்ணில் இப்போதே பதிவு செய்துகொள்ளட்டும்.